இடது பக்கத்து கியர்

அந்தப் பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அப்பா குட்டியானை ஓட்டினார். ஓசூரில் குட்டியானை என்றால் சின்ன சரக்கு வண்டி. யானைக்காடு தொடங்கும் தேன்கனிக்கோட்டையைத் தாண்டிவிட்டால் மட்டும் எந்தக் குட்டியானை என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

பெங்களூரில் ஏதோ ஒரு பெரிய கட்டடத்தின் மேல்மாடியில் இருந்த வீடியோ கேம் கூடத்தை மூடிவிட்டார்கள். அங்கிருந்த சாமான்களை ஏற்றிவந்து எங்கள் ஊர்ப் பழைய இரும்புக் கடையில் இறக்கும் வேலை அப்பாவுக்குக் கிடைத்தது. மூன்று நடை அடித்தார். கடைசி நடையில் வந்த ஒரு கேம் பெட்டியில் பழைய காலத்துக் கண்ணாடிப் படக்குழாய் இருந்ததால் கடைக்காரர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதை அப்பா நேராக வீட்டுக்குக் கொண்டுவந்து, வாசலில் தகரக்கூரை போட்ட இடத்தில் இறக்கினார். இறக்க நான்கு பேர் வேண்டியிருந்தது.

"இன்னாத்துக்கு இத கொண்டாந்தீங்க? நிக்கவே எடமில்ல" என்றாள் அம்மா.

"கெடக்கட்டும் வுடு" என்றார் அப்பா. சொல்லும்போது அவர் அம்மாவைப் பார்க்கவில்லை. உள்ளறைக் கதவைப் பார்த்தார்.

உள்ளறையில் சித்தப்பா இருந்தார். அப்பாவின் தம்பி. ஆறு வருடம் ஒரு பட்டறையில் இரும்புத் தகட்டை அழுத்தி மடக்கும் பவர் பிரஸ் ஓட்டியவர். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் அந்த மிஷின் இறங்கியபோது அவருடைய வலது கை உள்ளே இருந்தது. கட்டைவிரல் மட்டும் தப்பியது. உத்தனப்பள்ளியில் அவருக்குப் பெண் பார்த்து, தேதியும் குறித்திருந்தார்கள். பெண் வீட்டார் ஒருமுறை பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தார்கள். பிறகு வரவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததுமுதல் சித்தப்பா வலது கையின்மேல் எப்போதும் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டிருந்தார். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் சாப்பிட உட்காருவார். அந்தக் கையைப் பற்றி யாரும் பேசக்கூடாது, பார்க்கவும் கூடாது என்று அம்மா எனக்குச் சொல்லிவைத்திருந்தாள். நான் சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை. பார்க்காமல் இருக்கப் பழகிப் பழகி, கடைசியில் அப்படி ஒன்று நடந்ததையே பாதி மறந்துபோயிருந்தேன்.

பெட்டி ஆறடி உயரம். பக்கவாட்டில் ஒரு போர்விமானம் தீயைக் கக்கிக்கொண்டு பறக்கும் படம் பாதி உரிந்து தொங்கியது. இடுப்பு உயரத்தில் ஒரு சாய்வான பலகை. அதில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆடலாம். இடது ஓரத்தில் ஒரு கைப்பிடிக் குச்சி, அதற்கு வலப்பக்கம் மூன்று பட்டன். அது முதல் ஆளுக்கு. அதற்கும் வலப்பக்கம் இன்னொரு குச்சி, இன்னும் மூன்று பட்டன். அது இரண்டாம் ஆளுக்கு. இடது கையால் குச்சியை அசைக்க வேண்டும், வலது கையால் பட்டனை அடிக்க வேண்டும். அப்பா வண்டிக்காரர் என்பதால் நான் அந்தக் குச்சிக்குக் கியர் என்று பெயர் வைத்தேன். தெருப்பிள்ளைகளும் அப்படியே கூப்பிட்டார்கள்.

மின்சாரம் கொடுத்தோம். ஒன்றும் ஆகவில்லை. பின்கதவைத் திறந்து பார்த்தபோது உள்ளே ஒரு எலிக்கூடு இருந்தது. குட்டிகள் வளர்ந்து வெளியேறிவிட்ட கூடு.

அதைச் சரிசெய்ய வேண்டும் என்று முதலில் சொன்னவள் நான்தான். எனக்கு ஒன்றும் தெரியாது. சித்தப்பாவுக்கும் தெரியாது, இரும்புத் தகட்டை மடக்கத் தெரியும், மின்சாரம் அவருக்குப் புதிது. அப்பாவின் தொடுதிரை போனில் இப்படிப்பட்ட பெட்டிகளைப் பழுது பார்ப்பவர்களின் வீடியோக்கள் இருந்தன. இங்கிலீஷில் வேகமாகப் பேசினார்கள். கால்வாசிதான் புரிந்தது. புரிந்ததைச் சித்தப்பாவிடம் போய்ச் சொல்வேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப ஒவ்வொண்ணா கழட்டிப் பாக்கணும்" என்பார். ஒரு வாரத்தில் அவர் உள்ளறையிலிருந்து வாசலுக்கு வந்துவிட்டார். அதை அம்மா கவனித்தாள். எனக்குத் தெரியவில்லை.

கண்ணாடி பியூஸ் எரிந்திருந்தது. புதிது போட்டோம். போட்ட நொடியில் அதுவும் எரிந்தது. இன்னொன்று போட்டோம். அதுவும் போயிற்று. வழியில் எங்கோ இரண்டு வயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று போன் வீடியோவில் பேசியவர் சொன்னார். பியூஸ் இருக்கும் இடத்தில் ஒரு குண்டு பல்பை மாட்டிவிட்டு, உள்ளே போகும் இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்கச் சொன்னார். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் பழுது இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். நான் பிடுங்குவேன். சித்தப்பா ஸ்விட்சைப் போடுவார். பல்பு எரியும். அணைப்பார். அடுத்ததைப் பிடுங்குவேன். ஐந்தாவது இணைப்பு, பெட்டியின் உச்சியில் இருந்த டியூப்லைட்டுக்குப் போவது. அதைப் பிடுங்கியதும் பல்பு எரியவில்லை. மேலே ஏறிப் பார்த்தால் எலி கடித்து, செம்பு தெரிய இரண்டு வயரும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன.

"கெடச்சிடுச்சி!" என்று கத்தினேன். சித்தப்பா சிரித்தார். எட்டு மாதத்துக்குப் பிறகு அவர் பல் தெரிந்தது அன்றுதான் என்று அம்மா பின்னாளில் சொன்னாள்.

இப்படி ஒவ்வொன்றாக நகர்ந்தது. ஆட்டத்தை ஓட்டும் மூளைப்பலகைக்கு ஐந்து வோல்ட் போக வேண்டும், நான்கே சொச்சம்தான் போயிற்று. மின்சாரம் கொடுக்கும் டப்பாவில் ஒரு சின்னத் திருகு இருந்தது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினோம். மீட்டர் ஐந்தைத் தொட்டதும் பெட்டி திடீரென்று குண்டு வெடிக்கும் சத்தம் போட்டது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள். ஆனால் படம் வரவில்லை. திரையின் நடுவில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு.

படக்குழாயைத் தொடும் முன் பேருந்து நிறுத்தத்தருகே டிவி கடை வைத்திருந்த கன்னடக்காரரைச் சித்தப்பா கூட்டிவந்தார். நான் உள்ளே கை விட்டதைப் பார்த்ததும் அவர், "முட்டபேடி, முட்டபேடி!" என்று அலறினார். தொடாதே என்கிறார் என்பது ஓசூரில் யாருக்கும் தெரியும். நிறுத்தி வைத்திருந்தாலும் அந்தக் கண்ணாடிக்குள் ஆளைத் தூக்கி அடிக்கும் மின்சாரம் தங்கியிருக்குமாம். ஒரு ஸ்குரூடிரைவரில் வயர் கட்டி உள்ளே நீட்டினார். டப்பென்று ஒரு பொறி. "இனி பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கோடு மட்டும் தெரிந்தால் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஈயப்பற்று விரிசல் விட்டிருக்கும் என்று போன் சொன்னது. விட்டிருந்தது. மயிரிழை வட்டம். சித்தப்பா பலகையை வலது உள்ளங்கையால் நெஞ்சோடு சாய்த்துப் பிடித்து, இடது கையால் ஈயக்கம்பியை நீட்டினார். நான் ஈயத்தை உருக்கும் சூட்டுக்கோலை வைத்தேன். கோல் வழுக்கி, துண்டு விலகியிருந்த அவருடைய வலது கையின் ஓரத்தில் பட்டது. தோல் பொசுங்கும் வாசனை வந்தது. அவர் அசையவில்லை.

"சித்தப்பா, சுட்டுச்சா?"

"அங்க தெரியாது கண்ணு. நீ ஈயத்த பாரு."

அந்தக் கையைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

படம் வந்தது. நீலக் கடல், அதன்மேல் ஒரு சின்ன வெள்ளை விமானம். பலகையின் அடியில் இருந்த கியர், பட்டன் எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து மாட்டினோம். எந்த நிற வயர் எங்கே போகிறது என்று என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் படம் வரைந்து வைத்துக்கொண்டேன். காசு போடும் துளைக்குப் பதிலாக ஒரு அழைப்புமணி பட்டனை மாட்டினோம்.

எங்கள் வரிசையில் இருந்த பிள்ளைகள் மொத்தமும் வந்துவிட்டன. பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரச் சிறுவனுக்கு ஐந்து வயது. விமானம் அடிபட்டு விழும்போதெல்லாம் அவன் "சச்சிப்போயாடு!" என்று துள்ளிக் குதிப்பான். செத்துப்போனான் என்று அர்த்தம். இரண்டு நாளில் தமிழ்ப் பிள்ளைகளும் கன்னடப் பிள்ளைகளும் அதையே கத்தத் தொடங்கின. சித்தப்பா மட்டும் ஆடவில்லை. நாற்காலியைப் பின்னால் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். "ஆடுங்க சித்தப்பா" என்று கூப்பிட்டால், "நீங்க ஆடுங்க" என்பார்.

அப்புறம் அம்மாவின் ஊரான நாட்றாம்பாளையத்தில் திருவிழா வந்தது. நானும் அம்மாவும் போய் நான்கு நாள் இருந்தோம். திரும்பி வந்தபோது வீட்டில் யாருமில்லை. அப்பா வண்டியில் போயிருந்தார். சித்தப்பா ஆஸ்பத்திரிக்குக் கையைக் காட்டப் போயிருந்தார். பெட்டி மட்டும் அணைக்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

திரையில் அதிகப் புள்ளி எடுத்தவர்களின் பட்டியல் ஓடியது. பத்துப் பெயர் கொண்ட பட்டியல். ஆட்டம் முடிந்ததும் கியரால் மூன்று எழுத்தைத் தேர்ந்தெடுத்துப் பெயர் போட்டுக்கொள்ளலாம். ஒன்றும் தேர்ந்தெடுக்காமல் விட்டால் ஏ ஏ ஏ என்று அதுவே எழுதிக்கொள்ளும். நான் ஊருக்குப் போகும்போது அதில் என் பெயரும் பிள்ளைகளின் பெயர்களும் இருந்தன. இப்போது பத்து இடத்திலும் ஏ ஏ ஏ. புள்ளிகளோ நாங்கள் யாரும் எட்டிக்கூடப் பார்க்காத உயரத்தில் இருந்தன. மூளைப்பலகைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

மணி பட்டனை அழுத்தி ஆடத் தொடங்கினேன். இடது பக்கத்து கியரை அசைத்தேன். விமானம் நகரவில்லை. பட்டன் அடித்தால் சுடுகிறது, கியர் மட்டும் செத்துக் கிடக்கிறது. தற்செயலாக இரண்டாம் ஆளின் கியரில் கை பட்டது. முதல் ஆளின் விமானம் நகர்ந்தது.

பலகையைத் தூக்கிப் பார்த்தேன். நான் வரைந்து வைத்த படத்தின்படி எதுவும் இல்லை. இடது கியரின் நான்கு வயர்களும் பிடுங்கப்பட்டு, வேறு துண்டு வயரால் நீட்டப்பட்டு, நடுவிலிருந்த கியருக்குப் போயிருந்தன. முடிச்சுகள் கோணல்மாணலாக இருந்தன. கறுப்பு டேப் சுருண்டு சுருண்டு ஒட்டியிருந்தது. வயர்களின் முனையில் பல் பட்ட தடம்.

எலி என்று முடிவு செய்தேன். மறுபடியும் எலி வந்து வயரைக் கடித்து இழுத்துப் போட்டிருக்கிறது. படம் என்னிடம் இருந்ததால் சித்தப்பா தெரியாமல் மாற்றி மாட்டிவிட்டார். பாவம், நான் இல்லாமல் தடுமாறியிருக்கிறார். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. அவர் வருவதற்குள் சரிசெய்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

முதலில் பெட்டியை அணைத்தேன். பட்டியல் மறைந்தது. அணைத்தால் அதற்கு எதுவும் நினைவிருக்காது. முடிச்சுகளை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தேன். நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பச்சையைப் பச்சையின் இடத்திலும் மஞ்சளை மஞ்சளின் இடத்திலும் செருகினேன். முழுதாக ஒரு மணி நேரம் ஆயிற்று. யாருடைய துணையும் இல்லாமல் நான் கண்டுபிடித்துத் தீர்த்த முதல் பழுது அது.

நான்கு மணிவாக்கில் சித்தப்பா வந்தார். நடையில் ஒரு வேகம் இருந்தது. வாசலில் பிள்ளைகள் கூட்டம் நிற்பதைப் பார்த்துவிட்டு நின்றார்.

"சித்தப்பா, நீங்க வயர மாத்தி செருகிட்டீங்க. எலி கடிச்சிருக்கு. நான் எல்லாத்தயும் பிச்சிப்போட்டு படத்துல இருக்கிற மாதிரியே மாட்டிட்டேன். பாருங்க."

அவர் பெட்டியின் அருகே வந்தார். இடது கியரைத் தொட்டு அசைத்துப் பார்த்தார். திரையைப் பார்த்தார். அதில் பழையபடி பெட்டியைச் செய்தவர்களே போட்டு வைத்த பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"நீயேவா பண்ண?" என்றார்.

"நானே."

"நல்லா பண்ணியிருக்க கண்ணு."

எனக்கு அது போதவில்லை. "ஆடிப் பாருங்க சித்தப்பா, ஒரே ஒரு வாட்டி" என்று அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தேன். பிள்ளைகளும் சேர்ந்து கத்தின. அவர் இரண்டு முறை மறுத்தார். மூன்றாவது முறை துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். இடது கையால் கியரைப் பிடித்தார். வலது கையைப் பட்டன்களின்மேல் வைத்தார். அந்தக் கையைப் பிள்ளைகள் யாரும் அதற்குமுன் பார்த்ததில்லை.

கட்டைவிரல் பட்டனைத் தேடிப்போய் அமுக்குவதற்குள் எதிரி விமானம் வந்துவிட்டது. முதல் விமானம் விழுந்தது. இரண்டாவதற்கு அவர் கையைத் திருப்பி உள்ளங்கையின் ஓரத்தால் அடித்துப் பார்த்தார். மூன்று பட்டனும் சேர்ந்து அமுங்கின. அதுவும் விழுந்தது. மூன்றாவது விழுந்தபோது தெலுங்குக்காரச் சிறுவன், எப்போதும் கத்துவதைப் போலத்தான், "சச்சிப்போயாடு!" என்று துள்ளினான். யாரும் சிரிக்கவில்லை. அம்மா உள்ளேயிருந்து வந்து அவனைத் தூக்கிக்கொண்டு போனாள்.

"எனக்கு இதெல்லாம் வராதும்மா" என்று சித்தப்பா சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுத் துண்டைக் கையின்மேல் போட்டுக்கொண்டார்.

அதன்பிறகு அவர் வாசலுக்கு வந்து உட்காருவது குறைந்துபோயிற்று. ஒரு மாதத்தில் ராயக்கோட்டை சாலையில் ஒரு கிடங்குக்குக் காவல் வேலைக்குப் போனார். இப்போதும் அங்கேதான் இருக்கிறார், பொறுப்பாளராக. மழைக்காலத்தில் பெட்டியின் பலகை உப்பியது. அப்பா அதை யாருக்கோ கொடுத்துவிட்டார். யாருக்கு என்று நான் கேட்கக்கூட இல்லை. எனக்கு அப்போது சைக்கிள் வந்திருந்தது.

பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் அப்பாவின் வண்டியில் போனேன். பேச்சுவாக்கில் என் முதல் பழுதுபார்ப்பின் கதையைத் தமாஷாகச் சொன்னேன். எலி கடித்ததையும் சித்தப்பா மாற்றிச் செருகியதையும். அப்பா வண்டியை ஓரங்கட்டினார்.

"எலி இல்ல அது. அவன் பல்லு" என்றார். "ஒத்தக் கையில வயர் உரிக்க முடியுமா? கடிச்சி கடிச்சி உரிச்சிருக்கான். கியரு வலது பக்கம் இருந்தா உள்ளங்கையால தள்ளிக்கலாம், பட்டன இடது கையில அடிச்சிக்கலாம்னு அவனே யோசிச்சி மாத்தினது. நீங்க ஊர்ல இருந்த நாலு நாளும் மத்தியானத்துல எனக்கு போன் பண்ணுவான். ண்ணா, இன்னிக்கி நாலாவது எடம். ண்ணா, மொத எடம். ண்ணா, பத்தும் நான்தான். கை போனதுக்கு அப்பறம் அவனா எனக்கு போன் பண்ணது அந்த நாலு நாளுதான்."

அப்பா வண்டியை எடுத்தார். சித்தப்பாவிடம் இதைப் பற்றி இன்றுவரை நான் பேசியதில்லை. பண்டிகைக்கு வருவார், என் வேலையைப் பற்றி விசாரிப்பார். சொல்ல வாயெடுப்பேன். அவர் வேறு எதையாவது கேட்டுவிடுவார்.

நான் வயரைப் பிரித்து மாட்டிய அந்தச் சாயங்காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அப்பா இருட்டும் நேரத்தில் வந்தார். வரும்போதே, "இன்னிக்கி எத்தன?" என்று உற்சாகமாகக் கேட்டுக்கொண்டுதான் வந்தார். பெட்டியின் முன்னால் போய் நின்றார். கீழே நான் வெட்டிப்போட்ட வயர்த் துண்டுகள் கிடந்தன. கொஞ்ச நேரம் அவற்றைப் பார்த்தார். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வண்டியிலிருந்து ஸ்குரூடிரைவரை எடுத்துவந்து பலகையின் திருகில் வைத்தார்.

சித்தப்பா எழுந்துபோய் அவருடைய கையைப் பிடித்தார்.

"வேணாண்ணா. புள்ள கஷ்டப்பட்டு பண்ணியிருக்கு. சரியாத்தான் இருக்கு. அப்டியே வுடு."

"டேய், நீ..."

"அவகிட்ட எதுவும் சொல்லாதண்ணா."

அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். கதவுக்குப் பின்னால் நின்று நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பாடுபட்டுச் செய்த வேலையை அப்பா கெடுக்கப் பார்த்தார், சித்தப்பா ஒருவர்தான் அதைக் காப்பாற்றினார் என்று எனக்குத் தோன்றியது. அப்பாவின்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது.

இரண்டு நாள் நான் அவரோடு பேசவே இல்லை.